டெனிஸ்லிக்குப் போகும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கியின் தென்மேற்கில், ஈஜியன் கடலிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கும் ஊர் டெனிஸ்லி. பமுக்காலே வெள்ளை மலையைப் பார்க்கப் போகிறவர்கள் பஸ் மாறும் இடம் என்ற அளவில்தான் பலருக்கும் இந்த ஊரைத் தெரியும். ஒரு அக்டோபரில் நாங்கள் நான்கு நாள் தங்கிவிட்டு வந்தோம். அதன்பிறகு நண்பர்கள் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

டெனிஸ்லி, பமுக்காலே, ஹியராபோலிஸ்: மூன்றும் ஒரே இடமா?

இல்லை, ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. டெனிஸ்லி ஒரு மாகாணத் தலைநகர். ஜவுளி ஆலைகள், பல்கலைக்கழகம், சாயங்கால நெரிசல் எல்லாம் உள்ள சாதாரண நகரம். அங்கிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் பமுக்காலே. துருக்கி மொழியில் 'பமுக்' என்றால் பருத்தி, 'காலே' என்றால் கோட்டை. வெள்ளை மலைக்கும் அதன் அடிவாரத்துச் சிற்றூருக்கும் இதே பெயர்தான். மலையின் மேல் பரந்து கிடக்கும் பழைய நகரம் ஹியராபோலிஸ். மலையும் இடிபாடுகளும் ஒரே வளாகம், ஒரே டிக்கெட். 1988-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஒன்றாகத்தான் சேர்த்தார்கள்.

'டெனிஸ்' என்றால் கடல். பெயரில் கடலை வைத்துக்கொண்டிருக்கும் இந்த ஊரிலிருந்து கடலைப் பார்க்க இரண்டு மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டும். 14-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த அரபுப் பயணி இப்னு பதூதா (பிற்பாடு மதுரைக்கும் வந்துபோன அதே மனிதர்தான்) ஊர்ப்பெயருக்குப் 'பன்றிகளின் ஊர்' என்று பொருள் எழுதிவைத்திருக்கிறார். இதை ஊர்க்காரர்களிடம் சொல்லிப் பார்க்கவேண்டாம்.

எத்தனை நாள் ஒதுக்குவது?

குறைந்தது இரண்டு இரவு. முடிந்தால் மூன்று.

கடற்கரை விடுதிகளிலிருந்து காலையில் கிளம்பி, மதியம் இங்கே இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிப்போகும் ஒருநாள் டூர்கள் ஏராளம். அவற்றில் வருகிறவர்கள் மலையில் நிற்பது உச்சி வெயிலில், கூட்டம் அதிகமான இரண்டு மூன்று மணி நேரம் மட்டும். கால் நனைத்து, நாலு படம் எடுத்து, சாப்பாட்டு ஹோட்டலுக்கு ஓடவே நேரம் சரியாக இருக்கும். 'போனோம், பெரிதாக ஒன்றுமில்லை' என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படிப் போனவர்கள்தான். என் கணக்கு இது: வெள்ளை மலைக்கும் ஹியராபோலிசுக்கும் ஒரு முழு நாள், பக்கத்திலிருக்கும் இன்னொரு பழைய நகரமான லவோதிக்கேயாவுக்கும் டெனிஸ்லி கடைத்தெருவுக்கும் ஒரு நாள், மூன்றாவது நாள் இருந்தால் சற்றுத் தள்ளியிருக்கும் பழைய நகரம் அப்ரோடிசியாஸ்.

எப்படிப் போவது?

விமானம் என்றால் இஸ்தான்புலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். விமான நிலையம் சர்தாக்கில் இருக்கிறது, நகரத்திலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர். விமான நேரத்தை ஒட்டிப் பஸ் விடுகிறார்கள். டாக்சி பிடித்தால் விமானக் கட்டணத்தைத் தொட்டுவிடும்.

இஸ்மீரிலிருந்து ரயில் உண்டு. பாஸ்மானே நிலையத்தில் ஏறினால் ஐந்து மணி நேரம் போல ஆகும். பஸ் அதைவிட வேகம், ஆனால் ரயில் மெண்டெரஸ் ஆற்றுச் சமவெளி வழியாக, அத்திமரத் தோப்புகளையும் பருத்தி வயல்களையும் ஒட்டிப் போகிறது. அவசரம் இல்லாதவர்களுக்கு ரயில்தான். கப்படோக்கியாவிலிருந்தோ இஸ்தான்புலிலிருந்தோ வருகிறவர்கள் பெரும்பாலும் இரவுப் பஸ்ஸில் வருகிறார்கள்.

டெனிஸ்லி பஸ் நிலையத்தைத் துருக்கியில் 'ஓட்டோகார்' என்பார்கள். ரயில் நிலையம் எதிரிலேயே இருக்கிறது. ஓட்டோகாரின் கீழ்த்தளத்திலிருந்து பமுக்காலேக்கு மினிபஸ் கிளம்பிக்கொண்டே இருக்கும். துருக்கியில் அதற்கு 'டொல்முஷ்' என்று பெயர், நம் ஷேர் ஆட்டோவின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அரை மணி நேரத்தில் கொண்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை. எங்களுக்கு நடந்தது. இரவுப் பஸ்ஸில் வந்து விடிகாலையில் இறங்கியதும், 'பமுக்காலேக்கு இலவச வண்டி, ஏறுங்கள்' என்று ஒருவர் பெட்டியைத் தூக்கிவிட்டார். வண்டி நின்ற இடம் ஒரு டூர் ஆபீஸ் வாசல். டீ கொடுத்து உட்காரவைத்து, பலூன், பாராகிளைடிங், நாளைக்குப் போகும் ஊருக்கு டிக்கெட் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். ஆபத்து ஒன்றும் இல்லை, தூக்கக் கலக்கத்தில் பணம் போகும், அவ்வளவுதான். கீழ்த்தளத்துக்கு இறங்கி மினிபஸ் பிடித்துவிடுங்கள்.

எங்கே தங்குவது நல்லது?

மூன்று வழி இருக்கிறது. பமுக்காலே சிற்றூரில் குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகள் உண்டு. மலை வாசலுக்கு நடந்தே போகலாம், காலையில் முதல் ஆளாக நுழையலாம். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் வடக்கே கரஹயித்தில் வெந்நீர்க் குளத்தோடு கூடிய பெரிய ஹோட்டல்கள். டெனிஸ்லி நகரத்தில் தங்கினால் சாப்பாடும் கடைத்தெருவும் கைக்கெட்டும் தூரம், விலையும் உள்ளூர் விலை.

முதல் இரவு பமுக்காலேயிலும் மறுநாள் டெனிஸ்லியிலும் தங்குவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. வயதானவர்கள் கூட வந்தால் கரஹயித்.

எந்த மாதம்?

ஏப்ரல், மே, அப்புறம் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரி வரை போகும், மலையில் ஒதுங்க நிழலே கிடையாது. கீழே வெள்ளைக் கல், மேலே சூரியன், இரண்டு பக்கமும் கண் கூசும். கருப்புக் கண்ணாடி எந்த மாதத்திலும் அவசியம். குளிர்காலத்தில் கூட்டம் இருக்காது, தண்ணீரிலிருந்து ஆவி எழும்புவது அழகாக இருக்கும். ஆனால் தண்ணீர் ஓடாத இடங்களில் வெறுங்காலோடு நடப்பது கொஞ்சம் தண்டனைதான்.

அந்த மலை ஏன் அவ்வளவு வெள்ளை? பனியா, உப்பா?

இரண்டும் இல்லை, சுண்ணாம்பு. சுண்ணாம்பு கலந்த கடினத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்கு படியுமே, கிட்டத்தட்ட அதேதான், அளவு மட்டும் ஒரு மலையளவு.

இந்தப் பள்ளத்தாக்கின் ஓரமாக நிலப்பிளவு ஒன்று ஓடுகிறது. மழைநீர் பிளவு வழியே ஆழத்துக்குப் போய்ச் சூடாகி, கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்துக்கொண்டு, சுண்ணாம்புப் பாறையைக் கரைத்தபடி மேலே வருகிறது. நிலத்தடி அழுத்தத்தில் இருக்கும் வரை சுண்ணாம்பு கரைந்தே இருக்கும். வெளிக்காற்றுப் பட்டதும், சோடா பாட்டிலைத் திறந்தாற்போல வாயு பிரிந்து போய்விடும். வாயு போனதும் தண்ணீரால் சுண்ணாம்பைத் தாங்க முடியாது. முதலில் கெட்டித் தயிர் மாதிரிப் படியும், பிறகு இறுகிக் கல்லாகும். தண்ணீர் மெல்லிசாக வழியும் விளிம்பில் வாயு வேகமாகப் பிரிவதால் அங்கேதான் படிவும் அதிகம். விளிம்பு உயர்ந்துகொண்டே போக, பின்னால் தண்ணீர் தேங்கிக் கிண்ணம் கிண்ணமாகக் குளங்கள் உண்டாகின்றன. சமவெளியிலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர் உயரத்துக்கு இப்படிப் படிந்திருக்கிறது. இந்தக் கல்லுக்கு டிராவர்டைன் என்று பெயர்.

நான் படத்தில் பார்த்த நீலக் குளங்கள் நேரில் இல்லை என்கிறார்களே?

பாதி உண்மை. எல்லாக் கிண்ணத்திலும் எப்போதும் தண்ணீர் இருக்காது. தொடர்ந்து ஈரமாக இருந்தால் பாசி பிடித்துக் கறுத்துவிடும் என்பதால், தண்ணீரை முறைவைத்து வெவ்வேறு பகுதிகளுக்குத் திருப்பிவிடுகிறார்கள். நீங்கள் போகும் அன்று ஒரு பக்கம் நீலமாக நிறைந்திருக்கும், இன்னொரு பக்கம் காய்ந்து சுண்ணாம்புத் தரையாகக் கிடக்கும். விளம்பரப் படங்களில் வரும் அழகான கிண்ணங்களில் பலவற்றுக்குள் இறங்க அனுமதியும் இல்லை, ஓரத்திலிருந்து பார்க்கலாம்.

நீங்கள் இறங்கி நடக்கும் குளங்களுக்கு வேறு கதை. கடந்த நூற்றாண்டில் மலை உச்சியிலேயே ஹோட்டல்கள் கட்டி, ஊற்று நீரைத் தங்கள் நீச்சல் குளங்களுக்குத் திருப்பிக்கொண்டார்கள். வெள்ளைப் படிவை வெட்டி, மேலே போக ரோடும் போட்டார்கள். மலை பழுப்பேறியது. யுனெஸ்கோ பட்டியலில் வந்தபிறகு, 1990-களில் ஹோட்டல்களை இடித்தார்கள். ரோட்டின் மேல் செயற்கையாகக் குளங்கள் கட்டித் தண்ணீரை ஓடவிட, சுண்ணாம்பு படிந்து அதுவும் வெள்ளையாகிவிட்டது. இன்று எல்லோரும் வெறுங்காலோடு ஏறும் பாதை அந்தப் பழைய கார் ரோடுதான். இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. எனக்கு மாறாக ஆறுதலாக இருந்தது, கெடுத்ததைத் திருத்தவும் முடிந்திருக்கிறதே என்று.

எந்த வாசல் வழியாக நுழைவது? செருப்பு?

மூன்று வாசல் உண்டு. ஊரிலிருந்து வரும் கீழ்வாசலில் நுழைந்தால் வெள்ளைப் பாதையில் நேராக மேலே ஏறவேண்டும். தெற்கு வாசல், அடுத்த கேள்வியில் வரும் கிளியோபாட்ரா குளத்துக்குக் கிட்டே. வடக்கு வாசல் இடுகாட்டின் தொலைதூர முனையில்.

நான் சொல்வது வடக்கு வாசல். கரஹயித் போகும் மினிபஸ்ஸில் ஏறி அங்கே இறங்கிக்கொள்ளுங்கள். கல்லறைகள், நகர வாசல், அரங்கம் என்று இடிபாடுகளை முதலில் பார்த்துவிட்டு, கடைசியில் வெயில் தாழ வெள்ளைப் பாதையில் ஊருக்கு இறங்குங்கள். மலை மேற்குப் பார்த்தது. சூரியன் இறங்கும்போது தண்ணீர் முதலில் மஞ்சளாகவும் பிறகு ரோஸ் நிறமாகவும் மாறும். மதியக் கூட்டம் அதற்குள் பஸ் ஏறிப் போயிருக்கும்.

வெள்ளைப் பகுதியில் செருப்பு, ஷூ, சாக்ஸ் எதுவும் கூடாது. மறந்துபோய் ஒரு அடி வைத்தாலும் காவலர் விசில் ஊதிவிடுவார். கழற்றியதைக் கையில் தூக்கிக்கொண்டே நடக்கவேண்டும், அதனால் ஒரு துணிப்பை எடுத்துப் போங்கள். தரை பார்க்க வழவழப்பாக இருந்தாலும் அப்படியில்லை. சில இடங்களில் சின்னச் சின்ன அலைகளாக இறுகி, தேங்காய்த் துருவி மேல் நடப்பதுபோல உள்ளங்காலைக் கடிக்கும். அதற்கு அடுத்த குளத்திலேயே அடியில் வெண்சேறு மெத்தென்று விரலிடுக்கில் பிதுங்கும். தண்ணீர் மேலே வெதுவெதுப்பாக இருக்கும், கீழே வரவர ஆறிவிடும்.

வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் 2024-ல் 30 யூரோ ஆனது. குடும்பமாகப் போகும்போது இது சின்னத் தொகை இல்லை. நாலைந்து தொல்லியல் இடங்களாவது பார்க்கும் திட்டம் இருந்தால் மியூசியம் பாஸ் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கிளியோபாட்ரா குளித்த குளம் என்கிறார்களே?

குளித்ததற்கு ஒரு ஆதாரமும் இல்லை, பெயர் வியாபாரத்துக்கு. ஆனால் குளம் சாதாரணக் குளமில்லை. 7-ஆம் நூற்றாண்டு நிலநடுக்கத்தில் சரிந்த பளிங்குத் தூண்கள் தண்ணீருக்கடியில் அப்படியே கிடக்கின்றன. 36 டிகிரி சூட்டில், உடம்பெல்லாம் சோடாக் குமிழி ஒட்டிக்கொள்ள, ஒரு ரோமத் தூணின் மேல் உட்கார்ந்திருக்கலாம். இதற்குத் தனிக் கட்டணம். குளிக்காமல் கரையிலிருந்து வேடிக்கை பார்க்கத் தனியாகப் பணம் கேட்பதில்லை. உள்ளே காபி விலையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை வெளியிலிருந்தே கொண்டுபோகத் தீர்மானிப்பீர்கள்.

ஹியராபோலிசில் எதைத் தவறவிடக்கூடாது?

எல்லோரும் அரங்கத்தைச் சொல்வார்கள், சரிதான். பத்தாயிரம் பேருக்கு மேல் உட்காரும் ரோம அரங்கம், மேடைச் சுவரின் சிற்பங்களோடு நன்றாக மீட்டெடுத்திருக்கிறார்கள். உச்சிப் படியிலிருந்து சமவெளி முழுக்கத் தெரியும். ஆனால் நீங்கள் நேரம் செலவழிக்கவேண்டியது இடுகாட்டில்.

வடக்கு வாசலிலிருந்து நகரம் வரை சாலையின் இருபுறமும் கல்லறைகள். வீடு மாதிரி, மேடை மாதிரி, குவிந்த மண்மேடு மாதிரி ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. பெர்கமோன் அரசர்கள் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் நிறுவிய இந்த நகரம் ரோமர் காலத்தில் வெந்நீர் மருத்துவத்துக்குப் பேர்போனது. குணமாக வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை என்று வழிகாட்டிகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

நகர வாசலுக்கு அருகில் பிளேவியஸ் செயுக்சிஸ் என்ற வணிகரின் கல்லறை இருக்கிறது. மேலியா முனையைச் சுற்றி இத்தாலிக்கு 72 முறை கப்பலில் போய்வந்ததாகக் கல்வெட்டில் பொறித்துவைத்திருக்கிறார். மேலியா என்பது கிரேக்கத்தின் தென்கோடியில் கப்பல்களை விழுங்குவதற்குப் பேர்போன முனை. பதவி, பட்டம் எதையும் சொல்லிக்கொள்ளாமல் எழுபத்திரண்டு என்ற எண்ணைத் தன் கல்லறையில் விட்டுப்போன மனிதர். கடலே இல்லாத ஊரில் இப்படி ஒரு மாலுமிக் கணக்கு.

இன்னொன்று, அம்மியானோஸ் என்பவரின் கற்பேழை. 3-ஆம் நூற்றாண்டு. அதன் மூடியில் தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் கல் அறுக்கும் ரம்பத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். சக்கரம் சுற்றுவதை ரம்பத்தின் முன்பின் ஓட்டமாக மாற்றும் வளைதண்டும் இணைப்புத்தண்டும், நமக்குத் தெரிந்தவரை உலகிலேயே முதலில் காணக்கிடைப்பது இந்தச் சிற்பத்தில்தான். கார் எஞ்சினுக்குள் இன்றும் இருப்பது அதே ஏற்பாடு.

நகர வாசல் கி.பி. 84–85-ல் டொமிஷியன் பேரரசருக்காக ஆளுநர் புரொண்டினஸ் கட்டியது. மேலே மலைச்சரிவில் எண்கோண வடிவில் புனித பிலிப்புவின் நினைவாலயம், 5-ஆம் நூற்றாண்டு. ஏறுவது மூச்சுவாங்கும், அதனாலேயே அங்கே ஆள் இருக்காது. தத்துவஞானி எபிக்டீட்டஸ் பிறந்ததும் இந்த ஊரில்தான், அடிமையாக. பழைய ரோமக் குளியல் கட்டடத்துக்குள்ளேயே அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். வெயிலுக்கு ஒதுங்கவாவது உள்ளே போங்கள்.

'நரக வாசல்' என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. பெயர் புளூட்டோனியன், பாதாள தெய்வம் புளூட்டோவின் குகை. நில நூல் எழுதிய ஸ்ட்ராபோ தானே குருவிகளை உள்ளே விட்டுப் பார்த்ததாகவும் அவை உடனே செத்து விழுந்ததாகவும் சொல்கிறார். காளையைக் கொண்டுபோனால் காளை சாகும், கூடப் போன பூசாரிகள் சாவதில்லை. தெய்வத்தின் அருள் என்று ஜனங்கள் நம்பினார்கள்.

நிலப்பிளவு வழியே வரும் கார்பன் டை ஆக்சைடுதான் அந்த அருள். அது காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு ஏரி மாதிரித் தேங்கும். 2018-ல் வெளியான ஆய்வில் குகைக்குள் 90 விழுக்காட்டுக்கும் மேல் அளந்திருக்கிறார்கள். இரவில் தேங்குவது பகலில் வெயில் ஏற ஏறக் கலையும். தலையைத் தாழ்த்தி நிற்கும் காளை அந்த வாயு ஏரிக்குள் முழுகிவிடுகிறது. நிமிர்ந்து நிற்கும் பூசாரியின் மூக்கு மேலே இருக்கிறது. மூச்சை எப்போது அடக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தும் இருக்கும். இத்தாலியத் தொல்லியலாளர் பிரான்செஸ்கோ தாந்திரியாவின் குழு இந்த இடத்தைத் தோண்டிக் கண்டுபிடித்ததை 2013-ல் அறிவித்தது. குகைக்குள் போகமுடியாது, தள்ளி நின்று பார்க்கலாம்.

லவோதிக்கேயா போகவேண்டுமா?

கட்டாயம். தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு லவோதிக்கேயா, எராப்போலி, கொலோசெ என்ற மூன்று பெயரும் பழக்கம். மூன்றும் இந்த ஒரே பள்ளத்தாக்கில் இருக்கின்றன. எராப்போலிதான் ஹியராபோலிஸ். கொலோசெ ஹோனாஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு புல்மேடாகக் கிடக்கிறது. லவோதிக்கேயா டெனிஸ்லிக்கும் பமுக்காலேக்கும் நடுவில். மினிபஸ் டிரைவரிடம் சொன்னால் கைகாட்டிப் பலகையில் இறக்கிவிடுவார், அங்கிருந்து நடை.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அந்தியோக்கஸ் தன் மனைவி லவோதிக்கேயின் பெயரில் நிறுவிய ஊர். பணக்கார ஊர். கி.மு. 51-ல் மாகாண ஆளுநராக வந்த ரோமப் பேச்சாளர் சிசரோ முதலில் கால்வைத்தது இங்கேதான். கி.பி. 60 நிலநடுக்கத்தில் இடிந்தபோது ரோமின் உதவி இல்லாமல் தன் சொந்தப் பணத்திலேயே எழுந்து நின்றதாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். கருப்புக் கம்பளி, வட்டிக்கடை, கண் மருந்து, மூன்றுக்கும் பெயர் பெற்ற ஊர். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் இந்த ஊர்ச் சபைக்கு வரும் கடிதம் என்ன சொல்கிறது? நீ குளிருமில்லை அனலுமில்லை, வெதுவெதுப்பாக இருக்கிறாய். என்னிடம் பொன்னை வாங்கு, வெண்வஸ்திரம் வாங்கு, கண்ணுக்குக் கலிக்கம் வாங்கு. ஊர்க்காரர்களுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்து எழுதின கடிதம்.

அந்த வெதுவெதுப்பு ஊர்த் தண்ணீரைச் சொல்வது என்று ஒரு விளக்கம் உண்டு. அந்தத் தண்ணீர் வந்த தடத்தை நேரிலேயே பார்க்கலாம். தெற்கேயிருந்து குழாய்களில் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். தண்ணீர்க் கோபுரத்துப் பக்கம் உடைந்த சுடுமண் குழாய்கள் கிடக்கின்றன. குனிந்து வாயைப் பாருங்கள். உள்சுவர் முழுக்கச் சுண்ணாம்பு வளையம் வளையமாகப் படிந்து, நடுவில் சில குழாய்களில் விரல் நுழையும் இடம்தான் மிச்சம். பமுக்காலேயில் மலையைக் கட்டிய அதே சுண்ணாம்பு இங்கே குழாயை அடைத்திருக்கிறது. கி.பி. 114-ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டம் ஒன்றும் பளிங்கில் கிடைத்திருக்கிறது. தண்ணீர் திருடினாலோ குழாயைச் சேதப்படுத்தினாலோ கனத்த அபராதம்.

2003 முதல் பமுக்காலே பல்கலைக்கழகம் இங்கே தோண்டிவருகிறது. தூண்கள் வரிசையாக எழுந்து நிற்கும் தெரு, 4-ஆம் நூற்றாண்டு தேவாலயம், இரண்டு அரங்கங்கள் என்று நடக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். ஹியராபோலிசின் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே இல்லை.

அப்ரோடிசியாஸ் தூரமாயிற்றே?

சுமார் 100 கிலோமீட்டர், பக்கத்து மாகாணம் அய்தினில். நேர்ப் பஸ் எதிர்பார்க்கவேண்டாம். வாடகைக் காரோ, ஆள் சேர்ந்தால் பமுக்காலேயிலிருந்து கிளம்பும் வேனோதான். 30,000 பேர் உட்காரும் ஓட்டப்பந்தய மைதானம் நீள்வட்டமாக முழுசாக நிற்கிறது. பழைய உலகில் இவ்வளவு நன்றாகத் தப்பியவை குறைவு. 1958-ல் புகைப்படக்காரர் ஆரா கூலர் வழிதவறி இங்கே வந்தபோது, கெய்ரே கிராமத்தார் தூண் தலைகளை மேசையாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்களாம். அவர் எடுத்த படங்கள்தான் வெளியுலகத்தின் கண்ணைத் திருப்பின. 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சிற்பம் பிடிக்கும் என்றால் மூன்றாவது நாளை இதற்குக் கொடுங்கள்.

வெந்நீர்க் குளியலுக்கு எங்கே போவது?

வெள்ளை மலையில் முழங்கால் வரைக்கும்தான். உடம்பு முங்கக் குளிக்க வேண்டுமென்றால் கரஹயித். இங்கே ஊற்று நீர் 60 டிகிரியை நெருங்கும். இரும்பு கலந்திருப்பதால் படிவு சிவப்பு, துரு நிறம். குளத்துக்கு வருவதற்குள் ஆற்றிவிடுகிறார்கள். செம்மண் மாதிரிச் சேறு துணியில் பட்டால் போகாது, வெளிர்நிற நீச்சலுடையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் ஊறாதீர்கள். பதினைந்து இருபது நிமிடம், எழுந்து தண்ணீர் குடித்து, இளைப்பாறி, மறுபடியும் இறங்கலாம். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்கவேண்டாம்.

சாப்பாடு எப்படி? சைவர்கள் என்ன செய்வது?

அசைவர்களுக்கு டெனிஸ்லி கெபாப். அதைச் சாப்பிடாமல் ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள். பழைய கோட்டைக்குள் இருக்கும் காலேய்ச்சி கடைத்தெருவில், செப்புப் பாத்திரம் தட்டுபவர்களின் சத்தத்துக்கு நடுவே, சின்னச் சின்னக் கடைகள். செம்மறி ஆட்டு இறைச்சியை விறகு அடுப்பில் கொழுப்பு உருகும்வரை மெதுவாக வேகவைத்து, எடைபோட்டு, கத்தியால் துண்டுபோட்டு, பிதா ரொட்டியின் மேல் வைத்துத் தருவார்கள். கூட வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய். முள்கரண்டி தரமாட்டார்கள். இது கையால் சாப்பிடவேண்டிய சாப்பாடு என்பது ஊர் வழக்கம். மேசைக்கு மேசை ஐரோப்பியர்கள் விரலை எப்படிப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்க, நாங்கள் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டோம். பரிமாறியவர் வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார். மதியத்துக்கே போய்விடுங்கள், இறைச்சி தீர்ந்தால் கடை மூடிவிடும்.

சைவர்கள் பட்டினி கிடக்கமாட்டார்கள், கொஞ்சம் கேட்டுச் சாப்பிடவேண்டும். பருப்பு சூப்பான 'மெர்ஜிமெக் சொர்பா' எங்கும் கிடைக்கும், ஆனால் சில இடங்களில் இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்வார்கள். 'எத் சுயு வார் மே?' என்று கேளுங்கள், இறைச்சித் தண்ணீர் உண்டா என்று பொருள். கீரை அல்லது பாலாடைக்கட்டி வைத்த கோஸ்லெமே ரொட்டி, ஆலிவ் எண்ணெயில் சமைத்த காய்கறி, காலைச் சாப்பாட்டுத் தட்டு, மூன்றும் நம்பகமானவை. செரின்ஹிசார் ஊரின் வறுத்த கொண்டைக்கடலை பைக்குள் எப்போதும் இருக்கட்டும்.

என்ன வாங்கிக்கொண்டு வரலாம்?

துண்டு. சிரிக்காதீர்கள், டெனிஸ்லி துண்டும் குளியல் அங்கியும் உலகம் முழுக்க ஏற்றுமதியாகின்றன. பமுக்காலே கடைகளில் வாங்காமல், நகரத்தில் பாபாதாகலிலார் வணிக வளாகத்துக்குப் போங்கள். மாடி மாடியாகத் துணிக்கடைகள். 'பெஷ்தெமால்' என்ற மெல்லிய குளியல் துண்டு மடித்தால் கைக்குட்டை அளவு, சீக்கிரம் காயும், பயணத்துக்கு இதைவிட நல்லது இல்லை. புல்தான் ஊரின் சுருக்கம் விழுந்த பருத்தித் துணியையும் கேட்டுப் பாருங்கள். முறுக்கு அதிகம் கொடுத்த நூலில் நெய்வதால் அந்தச் சுருக்கம். இஸ்திரி தேவையே இல்லை.

இந்தத் தொழில் நேற்று வந்ததில்லை. லவோதிக்கேயாவின் கம்பளி காக்கைக் கருப்பு என்றும், ஹியராபோலிஸ் தண்ணீர் சாயத்துக்கு அருமையாகப் பிடிக்கும் என்றும் ஸ்ட்ராபோ இரண்டாயிரம் வருஷம் முன்பு எழுதினார். தங்கச் சரிகைக் கரை போட்ட இந்த ஊர்ப் பருத்தித் துணிக்கு ஈடு இல்லை, நாள்பட உழைக்கும் என்று இப்னு பதூதா எழுதினார். நெய்தவர்கள் பெரும்பாலும் கிரேக்கப் பெண்கள் என்றும். அவர் இங்கே வந்து இறங்கியபோது இரண்டு கோஷ்டிகள் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கத்தியை உருவிச் சண்டை போட்டிருக்கின்றன. கொள்ளைக்காரர்கள் என்று நடுங்கிப்போனார். கடைசியில் பார்த்தால் யார் இவருக்கு விருந்து வைப்பது என்பதில்தான் சண்டையாம். சீட்டுப் போட்டுத் தீர்த்தார்கள்.

விசா, பணம், மொழி?

இந்தியப் பாஸ்போர்ட் என்றால், செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஷெங்கன் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால்தான் இ-விசா. இல்லாவிட்டால் விண்ணப்பித்துப் பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா வாங்கவேண்டும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்டுகளுக்கு விசா இல்லாமலே 90 நாள். கிளம்பும் முன் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள், அதே மாதிரித் தோற்றத்தில் கூடுதல் கட்டணம் பிடுங்கும் தனியார் தளங்கள் நிறைய. லிராவின் மதிப்பு இறங்கிக்கொண்டே இருப்பதால் ஒரேயடியாக நிறைய மாற்றவேண்டாம். மினிபஸ்ஸுக்குச் சில்லறை லிரா வேண்டும். டெனிஸ்லியில் ஆங்கிலம் குறைவு, போனில் மொழிபெயர்ப்புச் செயலியை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

நிலநடுக்கப் பயம் உண்டா?

இந்தப் பகுதி அதிரும் பூமிதான். மேலே சொன்ன வெந்நீர், வெள்ளை மலை, குளத்தில் கிடக்கும் தூண்கள் எல்லாமே அந்தப் பிளவின் வேலை. இரண்டு மூன்று நாள் பயணத்தைத் தள்ளிப்போட அது காரணமில்லை. விடுதி அறையில் வெளியேறும் வழியைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

ஊரெங்கும் ஏன் சேவல் சிலை?

டெனிஸ்லிச் சேவல், ஊரின் சின்னம். அழகுக்காக இல்லை, கூவலுக்காக வளர்க்கிறார்கள். நல்ல சேவல் ஒரே மூச்சில் இருபது நொடிக்கு மேல் இழுக்கும். கடைகளில் கண்ணாடிச் சேவல் பொம்மை விற்கும், உடையாமல் கொண்டுவருவது உங்கள் சாமர்த்தியம். பமுக்காலேயில் எங்கள் விடுதிக்குப் பின்னால் ஒன்று இருந்தது. விடியற்காலை ஐந்தே காலுக்கு ஆரம்பித்தது. முடிந்துவிட்டது என்று நினைத்துத் தலையணையை எடுத்தேன், முடியவில்லை.